நாலு சைலன்சர் வண்டி

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், தம்பி, இங்கிருந்து நேராக ஆனைமலைக்குப் போங்கள். மாசாணியம்மன் கோவிலில் அம்மிக்கல் கிடக்கிறது. இந்த ஆறுச்சாமியின் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு ஊர் போய்ச் சேருங்கள். மற்றதை அந்த அம்மா பார்த்துக்கொள்வாள். உரக்கத்தான் சொல்கிறேன். இந்தத் தேங்காய் நார் மில்லில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கேட்கட்டும். பொய் சொல்கிறவன்தான் குசுகுசுவென்று பேசுவான்.

உட்காருங்கள். முதலாளி வர நேரமாகும். வண்டி பார்க்க ஆள் வருகிறது என்றால் குளித்து, சாமி கும்பிட்டு, ஆர்.சி. புத்தகத்துக்குப் பொட்டு வைத்துத்தான் எடுத்து வருவார். பெயர் தெய்வசிகாமணி. பெயருக்கேற்ற ஆள். நான் அவர் அப்பா காலத்தில் லாரி ஓட்ட வந்தவன். லாரிகள் போய்விட்டன, அப்பாவும் போய்விட்டார், நான் மட்டும் வாட்ச்மேனாக இங்கேயே தங்கிவிட்டேன். வேளைக்குச் சோறு உள்ளேயிருந்து வந்துவிடும். தட்டில் முதலில் எனக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார்.

அதுவரை வண்டியைப் பாருங்கள். எஞ்சின் சுத்தம். டயர் புதுசு. உள்ளே உட்கார்ந்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். பின்பக்கம்தான் கொஞ்சம்... ஆமாம், அதேதான். அந்த பம்பர் ஏன் காய்ச்சின வெல்லம் மாதிரி வழிந்து நிற்கிறது என்றுதானே பார்க்கிறீர்கள்? முதலாளியைக் கேட்டால் பட்டறையில் சூடு பட்டுவிட்டது என்பார். அவருக்குப் பொய் சொல்லவே வராது, காது சிவந்துபோகும். எதற்கு அவரைச் சிரமப்படுத்த வேண்டும்? நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டி இந்தக் கார் செட்டை விட்டுப் போயாக வேண்டும். போனால்தான் இந்த வீட்டுப் பெண் திரும்பி வரும். தாரணி என்று பெயர், ஒரே பெண். சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி போன் போட்டால், 'வண்டி போயிருச்சாப்பா?' என்று கேட்கும். 'இல்ல கண்ணு' என்பார். வைத்துவிடும். அவ்வளவுதான் பேச்சு. பொங்கலுக்கு வரவில்லை. ஊர்த் திருவிழா நோம்பிக்கும் வரவில்லை. அம்மா இல்லாத பெண். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் இந்த வண்டியை வாங்கினால் அது ஒரு பெரிய புண்ணியம்.

இப்போது பின்னால் வாருங்கள். எண்ணிக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வெள்ளி மாதிரி மினுங்குகிறதே, நாலு சைலன்சர். கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கி வந்த அன்று ஊரே வந்து இந்த நாலு வாய்க்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டது. முன்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. முதலாளிக்கு ஆடம்பரம் பிடிக்காது. காங்கயத்தில் நாச்சிமுத்து என்று ரைஸ் மில்காரர், அவர் மகனுக்குத் தாரணியைக் கேட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் இதே மாதிரி வண்டி, வெள்ளை. 'சமமா இருக்கோணுமல்லங்கண்ணா' என்று என்னிடம் சொல்லித்தான் வாங்கினார்.

வண்டியைக் கழுவுகிற வேலை எனக்கு. சைலன்சர் வாய்க்குள் துணியை விட்டுத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. லாரி ஓட்டினவனுக்கு அது போதும். டீசல் வண்டியின் வாயில் கரி இல்லையென்றால் அது எங்கே மூச்சு விடுகிறது? விரலை விட்டேன். நாலு விரல் ஆழத்தில் கருப்பு பிளாஸ்டிக், அடைத்திருக்கிறது. அடுத்ததும் அப்படி. நாலும் அப்படி. படுத்துக் கீழே பார்த்தால், ஒல்லியாக ஒரு குழாய், தலையைத் தரைப்பக்கம் குனிந்துகொண்டு, கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஒளிந்திருக்கிறது. அதுதான் நிஜம். மேலே இருக்கிற நாலும் டம்மி.

புகை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஒருமுறை பாலக்காட்டில் நம் லாரியைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் தேடுகிறது. நான் ரோட்டில் நின்று மோந்து பார்த்தேன். நம் லாரி புகையில் எள்ளுருண்டை வாசம் வரும். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே ஓசூர் வரைக்கும் போய், ஒரு ஓட்டலுக்குப் பின்னால் நின்ற லாரியைப் பிடித்தேன். இன்ஸ்பெக்டர் என் மூக்குக்கு மாலை போட வேண்டும் என்றார். மூக்குக்கு எப்படிப் போடுவது என்று தெரியாததால் விட்டுவிட்டார். சிரிக்காதீர்கள். மாசாணியம்மன் மேல் சொன்னதெல்லாம் இதற்கும் சேர்த்துத்தான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே அந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போன் போட்டார். அவர்கள் சிரித்தார்களாம். இப்போது வருகிற பெரிய வண்டிகள் பலதுக்கும் இப்படித்தானாம். நிஜக் குழாயைக் கீழே மறைத்துவிட்டு, பார்வைக்கு மேலே வாய் வைப்பார்களாம். கம்பெனியே செய்வதாம்.

'பாத்தீங்களாண்ணா, எல்லாத்துக்கும் அப்படித்தானாமா. ஆனா நீங்க இதைய வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்க. நம்ம சனங்களுக்கு ஒண்ணுன்னா ஒம்பதாயிரும்.'

'நான் எதுக்குங்க சொல்றேன்' என்றேன். சொல்லவும் இல்லை. ஒரே ஒருவனிடம் தவிர.

உப்புச் சர்க்கரை மாற்றுகிற நாள். தெரியுமே உங்களுக்கு, இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாறக் கூடாது. காங்கயத்துக்காரர்கள் வெள்ளை வண்டியில் வந்து இறங்கினார்கள். நம் கருப்பு வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். இரண்டும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஜோடியாக நின்றதைப் பார்த்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாக வேறு வேண்டுமா என்றிருந்தது.

உள்ளே பேச்சு நடக்கிறது. அவர்கள் டிரைவர் குழந்தைவேலுவும் நானும் மட்டைக் குவியல் ஓரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவன் பெருமைக்காரன்.

'எங்க வண்டி பொறத்தால பாத்தீங்களா பெரியவரே? நாலு பீரங்கி. தெனமும் பாலீஷு போடோணும். எங்க மொதலாளி வந்து மொகம் தெரியுதான்னு பாத்துட்டுத்தான் ஏறுவாரு.'

நான் எழுந்து போனேன். விரலை விட்டேன். நாலு விரல் ஆழம். பிளாஸ்டிக்.

'டம்மிடா தம்பி' என்றேன்.

அவன் நம்பவில்லை. தானே விரலை விட்டான். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். நாச்சிமுத்து அந்த நாலு வாயைக் காட்டித்தான் காங்கயத்தில் பாதிப் பேரிடம் பேசுவாராம். இது தெரிந்தால், 'வருசக்கணக்கா தொடைக்கறயே, உனக்குத் தெரியாமயாடா இருந்துது?' என்று தோலை உரித்துவிடுவாராம்.

'சத்தியம் பண்ணுங்க. எங்க வண்டி டம்மின்னு செத்தாலும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க பெரியவரே.'

கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். அப்புறமும் அவன் என் கையை விடவில்லை. பார்க்கப் பாவமாகிவிட்டது. ஒரு மனுசன் இப்படி வருத்தப்படுகிறபோது நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டாமா? 'அட விடப்பா, எங்களுதுங்கூட டம்மிதான்' என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஆறுதல். அவன் முகம் தெளிந்துவிட்டது. காப்பி டம்ளரை வைத்துவிட்டு ஒன்றுக்குப் போவது மாதிரி எழுந்து போனான். நேராகப் பந்திக்குப் போய் நாச்சிமுத்து காதில் ஓதிவிட்டான். எங்கள் வண்டியைப் பற்றி மட்டும்.

நாச்சிமுத்து இலையில் உட்கார்ந்தபடியே சொன்னாராம்: 'சம்மந்தி, சாப்பிட்டு எந்திரிச்சதும் உங்க வண்டிய ஒருக்கா முறுக்குங்க. பொறத்தால பொகை வருதான்னு பாத்துட்டு அப்பறம் உப்புச் சர்க்கரை மாத்தலாம். டூப்ளிகேட் வண்டீன்னு ஒரு பேச்சு வருது.'

பரிமாறுகிற பெண் வந்து என்னிடம் சொன்னாள். தாரணி ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தது. பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. இதற்கு முன்னால் இரண்டு இடம் ஜாதகத்தில் தட்டிப்போன பெண். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? இந்த வீட்டுச் சோறு தின்கிறவன்.

சாமி அறைக்குப் போனேன். கப் சாம்பிராணி டப்பா இருந்தது. தெரியுமே, சின்னக் கிண்ணம் மாதிரி கரியில் செய்திருக்கும், பற்ற வைத்தால் வீடே புகைந்துபோகும். நாலு எடுத்தேன். அந்த நாலு வாய்க்கும் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது, தம்பி. கம்பெனிக்காரன் எதற்காக அந்த வாயை வைத்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பற்ற வைத்துவிட்டு, துண்டை விரித்து மறைத்தபடி நின்றேன்.

எல்லோரும் வந்தார்கள். முதலாளி வேர்த்துப்போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கீழ்க்குழாயிலிருந்து கொஞ்சம் புகை வரும், அதைக் காட்டி விளக்கிச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். வண்டியை முறுக்கினார். நான் துண்டை எடுத்தேன்.

நாலு வாயிலும் புகை. அடேயப்பா, வெள்ளை வெளேரென்று, சுருள் சுருளாக. நார் மில் கூரைக்கு மேலே போனதைப் பார்த்து, பக்கத்துத் தோப்பில் தேங்காய் போட ஏறியவன் தீப் பிடித்துவிட்டதென்று மரத்திலிருந்து குதித்துவிட்டான். நாச்சிமுத்து கண் விரிய நின்றார்.

'செரி செரி. எவனோ பொறாமையில சொல்லியிருக்கறான். ஆப் பண்ணுங்க சம்மந்தி.'

முதலாளி ஆப் பண்ணினார். புகை நிற்கவில்லை.

அதை நான் யோசிக்கவில்லை. யாராக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டார்கள். எஞ்சின் நின்றுவிட்டது, சாவி முதலாளி கையில் இருக்கிறது, நாலு வாயும் அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கிறது. வாசம் வேறு வந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு அம்மாள் தன்னை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் சாம்பிராணி வாசம் போய் பிளாஸ்டிக் நாற்றம். பம்பர் மெதுவாக இளகிச் சொட்டியது. குழந்தைவேலு செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறான். நன்றி கெட்ட பயல்.

யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வெந்த கப் ஒன்று உருண்டு நாச்சிமுத்து செருப்பின் மேல் விழுந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

'பொறத்தாலயே இப்படீன்னா, மில்லுக்குள்ள இன்னும் என்னென்ன பிளாஸ்டிக்கோ' என்றார்.

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். 'சம்மந்தி, இந்தச் சாம்பிராணி எப்படி வந்துதுன்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. ஆனா டம்மிங்கறது கம்பெனியே வெக்கறதுங்க. பெரிய வண்டிக்கெல்லாம் இப்படித்தான். உங்க வண்டியும் இப்படித்தான் இருக்கும், பாருங்க.'

'என்ற வண்டியவா? கொளந்தே, சொல்றா.'

'நம்மளுது ஒரிஜினலுங்க' என்றான் குழந்தைவேலு.

'உங்க ஆளையே பாக்கச் சொல்லுங்க. அந்தப் பெரியவரு லாரி ஓட்டுனவருதானே. அவரு சொன்னா நான் ஒத்துக்கறேன். டம்மீன்னு சொல்லிட்டாருன்னா இங்கயே மன்னிப்புக் கேட்டுட்டு உப்புச் சர்க்கரை மாத்திக்கறேன்' என்றார் நாச்சிமுத்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. 'போங்கண்ணா, பாத்துச் சொல்லுங்கண்ணா' என்றார். பின்னால் கதவோரம் தாரணி நிற்கிறது.

வெள்ளை வண்டிக்குப் போனேன். குழந்தைவேலு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வெட்டப் போகிற ஆடுகூட அப்படிப் பார்க்காது. விரலை விட்டேன். நாலு விரல் ஆழம். பிளாஸ்டிக்.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கொடுத்த வாக்கை மீறுகிற ஆளா நான்? விரலை வெளியே எடுத்தேன். சாம்பிராணி எடுத்து வைத்த விரலாயிற்றே, நுனியெல்லாம் கரி. அந்த விரலை அப்படியே தூக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

'ஒரிஜினலுங்க' என்றேன்.

முதலாளி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் வெற்றிலைகூட எடுக்காமல் வண்டியேறிப் போய்விட்டார்கள். உப்பும் சர்க்கரையும் தட்டில் அப்படியே இருந்தன. சாயங்காலம் எறும்பு மொய்த்தது.

குழந்தைவேலு எடுத்த படம் காங்கயம், தாராபுரம், உடுமலை என்று எல்லா போனுக்கும் போய்விட்டது. சாம்பிராணி வண்டி வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பெண் கேட்டு ஒருவரும் இந்தக் கேட்டுக்குள் வரவில்லை. ஆனால் தாரணி போனதற்கு அது காரணமில்லை. படத்தைப் பார்த்து அது சிரிக்கத்தான் செய்தது. அன்றைக்கு இரவே என்னிடம் வந்து கேட்டது:

'தாத்தா, அந்த வெள்ளை வண்டி நெசமாவே ஒரிஜினலா?'

'ஆமா அம்மிணி. நீயும் விரலைப் பாத்தியே.'

'அப்பா எல்லா வண்டியும் டம்மிதான்னாரே.'

நான் என்ன சொல்லட்டும்? விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

'அப்ப எங்கப்பா தெரிஞ்சேதான் ஏமாத்தப் பாத்திருக்காரு. என்னைய வெச்சு. சாம்பிராணியும் அவரு வேலைதான், இல்லீங்களா தாத்தா?'

அதற்கும் பேசாமல் இருந்தேன். பேசினால் ஒன்றிலிருந்து ஒன்று வரும், கடைசியில் குழந்தைவேலு விஷயத்தில் போய் நிற்கும். அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வண்டி செட்டில் நிற்கிற வரைக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பனிடம் சொல்லிவிட்டது. நடுவில் ஒருமுறை எனக்கே போன் போட்டு மறுபடியும் கேட்டது. நான் வழுக்கவில்லையே. குழந்தைவேலு இன்றைக்கும் அந்த வேலையில்தான் இருக்கிறான். போன தீபாவளிக்கு ஒரு பெட்டி மிக்சர் அனுப்பினான். சத்தியத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

முதலாளி அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஒருநாள் மட்டும், 'அண்ணா, ஷோரூம்காரன் என்கிட்டப் பொய்யச் சொல்லிப்போட்டானே' என்றார். 'ஆமாங்க, டவுன்காரன் அப்படித்தான்' என்று தேற்றினேன். சாம்பிராணியைக் காங்கயத்து ஆள் யாரோ வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும், மனசுக்கு ஒரு பிடி வேண்டுமே.

பம்பரை மாற்றிக்கொள்ளலாம், டம்மியாக இருந்தால் என்ன என்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. போன மாசம் வந்த பல்லடத்துக்காரரும் இப்படியேதான் சொன்னார். ஆனால் மறைத்து விற்கக் கூடாது பாருங்கள், அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் இந்த வண்டி தானாகப் புகையும். சாவி வேண்டாம், ஆள் வேண்டாம். நாலு வாயிலும் மெல்லிசாக, சாம்பிராணி வாசத்தோடு. என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் உள்ளே ஒரு பெண் அழுகிற சத்தம்கூட... சரி, அது பூனையாகவும் இருக்கலாம். பூனை என்றே வைத்துக்கொள்வோம்.

ஏன் தம்பி எழுந்துவிட்டீர்கள்? டீ வருகிறது. வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லையே. இந்த இடத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது, என்ன மாயமோ. எத்தனை பேர் வந்தார்கள். நானும் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, ஒன்று விடாமல், இப்படித்தான் எடுத்துச் சொல்கிறேன். ஒருவரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். வண்டிக்கு நேரம் சரியில்லை, வேறென்ன சொல்வது.

அதோ வருகிறார் பாருங்கள். ஈரத் தலை, நெற்றியில் விபூதி. கையில் போனைப் பிடித்திருக்கிறார், நீங்கள் சரி என்றதும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதற்கு. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வருவார். வண்டி பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவராது என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் ஒன்று, தம்பி. இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று அவர் கேட்டால் என் பெயர் உங்கள் வாயில் வந்துவிடக் கூடாது. பாவம், இத்தனை பெரிய வீட்டில் அவர் நம்பிப் பேச என்னை விட்டால் வேறு ஆளில்லை.